வாசகர் கேள்வி–பதில்: அடுப்பும் மின்கம்பியும் பெண்கள் நடத்தும் தொழிலும்

சென்ற இதழில் வளரும் நாடுகளில் பெண்கள் நடத்தும் சிறுதொழில்களைப் பற்றி எழுதியபோது, மின்சாரமும் எரிபொருளும் அவர்களுக்கு எப்படிக் கிடைக்கின்றன என்பதுதான் அந்தத் தொழில்களின் வருமானத்தைப் பெரிதும் தீர்மானிக்கிறது என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுக் கடந்துவிட்டேன். அந்த வரியைப் பிடித்துக்கொண்டு பலர் கடிதம் எழுதியிருக்கிறார்கள். அவற்றுள் ஐந்துக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

ஏழை நாட்டுக் கிராமத்துக்கு மின்சாரம் போனால் பெண்களின் வருமானம் உயரும் என்கிறார்கள் சிலர். ஒன்றும் மாறுவதில்லை என்கிறார்கள் வேறு சிலர். எதை நம்புவது?
— ஒரு வாசகர், திண்டுக்கல்

இரண்டு பக்கத்துக்கும் வலுவான சான்று இருப்பதால்தான் இந்த வாதம் ஓயாமல் நடக்கிறது. முதல் பக்கத்தின் சான்று தென்னாப்பிரிக்காவிலிருந்து வருகிறது. நிறவெறி ஆட்சி முடிவுக்கு வந்த காலத்தில் அந்நாட்டில் மூன்றில் இரண்டு பங்கு வீடுகளுக்கு மின்சாரம் இல்லை. அதன்பின் அரசு மின் நிறுவனமான எஸ்காம் ஆண்டுக்கு இலட்சக்கணக்கான வீடுகளுக்கு இணைப்புக் கொடுத்தது. குவாசுலு-நட்டால் மாகாணத்துக் கிராமங்களில் இதன் விளைவு என்ன என்பதைப் பொருளியலாளர் டேரின் டிங்கல்மன் ஆராய்ந்து 2011-இல் வெளியிட்டார். வசதியான ஊருக்கு முதலில் மின்சாரம் போயிருந்தால் அந்த ஊரின் வளர்ச்சியை மின்சாரத்தின் கணக்கில் எழுதிவிட முடியாது அல்லவா? அதனால் அவர் நிலத்தின் சரிவைக் கருவியாக எடுத்துக்கொண்டார். மேடுபள்ளமான நிலத்தில் கம்பம் நடும் செலவு அதிகம் என்பதால், சமதள ஊர்களுக்கு இணைப்பு முன்னதாகவே வந்திருந்தது. அந்த வேறுபாட்டைக் கொண்டு கணக்கிட்டபோது, ஐந்தாண்டுகளுக்குள் நூறு பெண்களில் ஏறக்குறைய ஒன்பது பேர் கூடுதலாக வேலைக்கோ சொந்தத் தொழிலுக்கோ வந்திருந்தனர். ஆண்களிடம் அப்படித் தெளிவான மாற்றம் எதுவும் தென்படவில்லை.

மறுபக்கத்தின் சான்று கென்யாவின் மேற்குப் பகுதியிலிருந்து வருகிறது. கென்னத் லீ, எட்வர்ட் மிகெல், கேத்தரின் வொல்ஃப்ரம் ஆகிய மூவரும் 150 ஊர்களில், டிரான்ஸ்பார்மருக்கு 600 மீட்டருக்குள் இருந்தும் இணைப்பு இல்லாத குடும்பங்களைத் தேர்ந்தெடுத்து ஆய்வு நடத்தினர். அப்போது இணைப்புக் கட்டணம் 35,000 ஷில்லிங், அதாவது சுமார் 400 டாலர். சிலருக்கு முழுவதையும் தள்ளுபடி செய்தார்கள், சிலருக்கு ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்தார்கள். கட்டணம் 15,000 ஷில்லிங் என்று குறைக்கப்பட்டபோதும் ஏறக்குறைய கால்வாசிக் குடும்பங்களே இணைப்பு வாங்கின. இலவசமாகப் பெற்றவர்களின் வாழ்க்கையிலும் ஓராண்டுக்கு மேல் கழித்துப் பார்த்தபோது வருமானத்திலோ வேலையிலோ குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. காரணம் எளிதில் விளங்கக்கூடியது. விளக்கு எரிந்தது, கைப்பேசி சார்ஜ் ஏறியது, சில வீடுகளில் தொலைக்காட்சி வந்தது. அதற்கு மேல் மின்சாரத்தைப் பயன்படுத்த அவர்களிடம் எந்தக் கருவியும் இருக்கவில்லை. சமையலும் விறகிலேயே நடந்தது.

தென்னாப்பிரிக்கப் பெண்களுக்கோ மின் இணைப்போடு விறகு பொறுக்கும் வேலையின் ஒரு பகுதியும் குறைந்தது. அவர்களில் பலர் மின்சாரத்தில் சமைக்கத் தொடங்கினர். அதனால் அவர்களுக்குக் கிடைத்தது வெளிச்சத்தைவிடப் பெரியது. ஒரு நாளின் சில மணி நேரம் அவர்கள் கைக்குத் திரும்பி வந்தது. இந்த இரண்டு ஆய்வுகளையும் முரண்பட்ட முடிவுகளாக நான் படிப்பதில்லை. பெண்ணின் வேலை நேரத்தையும் அவளுடைய கருவியையும் தொடாத மின்கம்பி அவளுடைய தொழிலையும் தொடாது என்றே இரண்டையும் சேர்த்துப் படிக்கிறேன்.

எங்கள் கடற்கரையில் மீன் பிடிப்பது ஆண்கள்; ஏலம் எடுப்பதும் கருவாடு போடுவதும் கூடை சுமந்து விற்பதும் பெண்கள். மின்சாரம், எரிபொருள் என்று நீங்கள் எழுதுவதில் எங்களைப் போன்றவர்களுக்கு என்ன இருக்கிறது? எங்களுக்கு வெயில்தானே முதல்?
— ஒரு வாசகி, நாகப்பட்டினம்

வந்த கடிதங்களில் என்னை மிகவும் யோசிக்க வைத்தது உங்களுடையதுதான், அம்மா. ஆற்றல் என்றவுடன் எல்லோரும் மின்சாரத்தை மட்டும் நினைத்துக்கொள்கிறோம். உலகில் பெண்கள் நடத்தும் சிறுதொழில்களில் பல உணவு சார்ந்தவை. உணவுத் தொழிலுக்கு முதலில் வேண்டியது வெப்பம். அவிக்கவும் வறுக்கவும் சுடவும் உலர்த்தவும் புகையூட்டவும் அது இல்லாமல் முடியாது. அந்த வெப்பம் விறகிலிருந்தும் கரியிலிருந்தும் வருவதால், நாட்டின் மின் திட்டத்தை எழுதுபவர்களின் கணக்கில் அது சேர்வதே இல்லை.

உங்கள் கடற்கரைக்கு மிக நெருக்கமான உதாரணம் மேற்கு ஆப்பிரிக்காவின் கானாவில் இருக்கிறது. அங்கும் கடலுக்குப் போவது ஆண்கள், கரையில் மீனைப் பக்குவப்படுத்துவதும் விற்பதும் பெண்கள். ஒவ்வொரு கடற்கரையிலும் மீன் வியாபாரப் பெண்களுக்குக் ‘கொன்கோஹேமா’ என்று அழைக்கப்படும் ஒரு தலைவி உண்டு. வசதியுள்ள வியாபாரிப் பெண்கள் படகுக்காரருக்கு முன்பணம் கொடுத்து, படகு கரைக்கு வந்ததும் மீனைத் தாங்களே எடுத்துக்கொள்வார்கள். வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த அந்தக் கரையில் மீன் சில மணி நேரத்திலேயே கெட்டுவிடும் என்பதால், அதைப் புகையில் வாட்டிக் காப்பதுதான் அவர்களின் முதன்மையான வழி.

முன்பு வட்டமான மண் அடுப்புகளிலும் வெட்டிய எண்ணெய்ப் பீப்பாய்களிலும் புகை போட்டார்கள். ஒரு தடவைக்குக் கொஞ்சம் மீனே கொள்ளும். கையைச் சுட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகத் திருப்ப வேண்டும். விறகோ நிறையச் செலவாகும். 1960-களின் இறுதியிலும் 1970-களின் தொடக்கத்திலும், தலைநகர் அக்ராவை ஒட்டிய சோர்கோர் என்ற மீனவர் குடியிருப்பில், கானாவின் உணவு ஆராய்ச்சி நிறுவனமும் ஐ.நா. உணவு மற்றும் வேளாண்மை அமைப்பும் அங்கிருந்த பெண்களோடு சேர்ந்து பழைய அடுப்பைத் திருத்தி அமைத்தன. செவ்வக வடிவில் இரண்டு அறை கொண்ட அடுப்பின் மேல், மரச்சட்டத்தில் கம்பிவலை அடித்த தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் பதினைந்து வரை அடுக்கலாம். அடுக்கிய தட்டுகளே புகைபோக்கியாகிவிடுகின்றன. மீனைத் திருப்புவதற்குப் பதிலாகத் தட்டுகளை மேலும் கீழும் மாற்றினால் போதும். தட்டின் சட்டம் அடுப்புச் சுவரின் மேல் சரியாகப் பொருந்த வேண்டும், இல்லாவிட்டால் மரம் எரிந்துவிடும். இந்த அளவு நுணுக்கம்தான் அதன் உயிர். குறைந்த விறகில் அதிக மீன் என்பதால் அந்த அடுப்பு சோர்கோர் அடுப்பு என்ற பெயரோடு பல ஆப்பிரிக்க நாடுகளுக்குப் பரவியது. ஐம்பது ஆண்டுகள் கடந்தும் அது நிற்பதற்கு, அதைப் பயன்படுத்தும் பெண்கள் சொன்னதைக் கேட்டுக் கட்டினார்கள் என்பதே காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஆனால் அந்த அடுப்புக்கும் ஒரு எல்லை இருந்தது. மீனிலிருந்து சொட்டும் கொழுப்பு தணலில் விழுந்து எரியும்போது புற்றுநோய் உண்டாக்கக்கூடிய சேர்மங்கள் உருவாகி மீனிலேயே படிகின்றன. ஐரோப்பிய ஒன்றியம் 2014 செப்டம்பரிலிருந்து புகையூட்டிய மீனில் பென்சோபைரீன் என்ற சேர்மத்தின் அளவை ஒரு கிலோவுக்கு 5 மைக்ரோகிராமிலிருந்து 2 மைக்ரோகிராமாகக் குறைத்தது. அந்தச் சந்தைக்கு மீன் அனுப்ப விரும்பிய பெண்களின் முன்னால் இது ஒரு கதவை மூடியது. இந்தச் சேர்மங்கள் மீனில் படியும் சிக்கலுக்கு விடையாக, செனகலின் தியாரோய் என்ற இடத்தில் உள்ள மீன்வளப் பயிற்சி நிலையமும் அதே ஐ.நா. அமைப்பும் சேர்ந்து, கொழுப்பைத் தனியே வாங்கிக்கொள்ளும் தட்டும் புகையைத் தனியே உண்டாக்கித் தரும் பகுதியும் கொண்ட புதிய அடுப்பை வடிவமைத்தன. அடுப்பின் முன்னால் நிற்கும் பெண்ணின் நுரையீரலுக்கும் அது ஓரளவு பாதுகாப்பு. வீட்டுக்குள் விறகும் கரியும் எரிவதால் உண்டாகும் காற்று மாசினால் 2020-இல் மட்டும் உலகில் 32 இலட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. வீட்டு அடுப்பில் சமைத்து முடித்தபின் தொழில் அடுப்பிலும் பல மணி நேரம் நிற்கும் பெண், அந்தப் புகையை இரண்டு முறை சுவாசிக்கிறாள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கானாவில் மீன்பிடிப் படகுகளின் எஞ்சினுக்கான கலப்பு எரிபொருளுக்கு அரசு மானியம் தருகிறது. கரையில் பெண்கள் எரிக்கும் விறகுக்கு அப்படி எதுவும் இல்லை. தமிழ்நாட்டிலும் விசைப்படகுகளுக்கு விற்பனை வரி விலக்குடன் டீசல் கிடைக்கிறது. கருவாடு காய வைக்கும் பெண்ணுக்கோ வெயிலும் மணலும்தான். படகுக்குத் தருவது தவறு என்று நான் சொல்லவில்லை. ஒரே மீன், ஒரே குடும்பம் என்றிருக்க, கடலில் நடக்கும் பாதி வேலைக்கு மட்டும் ஆற்றல் தேவை என்றும் கரையில் நடக்கும் மறுபாதிக்கு இயற்கை போதும் என்றும் கருதுவது பெரிய அநீதி. நீங்கள் கேட்டது போல வெயில்தான் முதல் என்றாலும், மழைக்காலத்தில் அந்த முதல் உங்களிடம் இல்லை. மணலில் காய்ந்த கருவாட்டுக்கும் மூடிய சூரிய உலர்த்தியில் தூசு படாமல் காய்ந்ததற்கும் விலை ஒன்றாக இருப்பதில்லை என்பதை என்னைவிட நீங்கள் நன்கு அறிவீர்கள்.

2022-இல் எங்கள் நாட்டில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை மின்வெட்டு இருந்தது. என்னுடைய தையல் கடையைப் பாதி நாள் மூடி வைக்க வேண்டி வந்தது. ஜெனரேட்டர் வைத்திருந்த பெரிய கடைகள் தப்பிக்கொண்டன. மற்ற நாடுகளிலும் இப்படித்தானா?
— ஒரு வாசகி, யாழ்ப்பாணம்

இப்படித்தான். உங்களைப் போன்ற தையற்காரப் பெண்கள் ஆயிரக்கணக்கில் பட்ட பாட்டுக்குக் கானாவில் ஒரு சொல்லே உண்டு. ‘டும்சோர்’ என்பார்கள், ட்வி மொழியில் அணை, ஏற்று என்று பொருள்படும் இரண்டு சொற்களின் சேர்க்கை அது. 2012 ஆகஸ்டில் மேற்கு ஆப்பிரிக்க எரிவாயுக் குழாய் சேதமடைந்ததோடு தொடங்கி, அணைகளில் நீர் குறைந்ததும் எரிபொருள் வாங்கப் பணம் இல்லாமற்போனதும் சேர்ந்து, ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் நீடித்தது. 2015-இல் 12 மணி நேரம் மின்சாரம், அடுத்த 24 மணி நேரம் இருட்டு என்ற அட்டவணை நடைமுறைக்கு வந்தது. அவ்வாண்டு மே மாதத்தில் நடிகை இவோன் நெல்சன் முன்னின்று அழைத்த இரவுப் போராட்டத்துக்கு அக்ராவில் மக்கள் திரண்டு வந்தார்கள்.

கால்மிதி தையல் இயந்திரம் வைத்திருந்தவர்கள் தையலை நிறுத்தவில்லை. தேய்ப்பதற்குக் கரிப்பெட்டியை மறுபடியும் எடுத்தார்கள். ஆனால் ஓவர்லாக், எம்பிராய்டரி போன்ற வேலைகளுக்கான இயந்திரங்கள் மின்சாரம் இல்லாமல் ஓடா. கூலி அதிகம் கிடைப்பதும் அந்த வேலைகளில்தான். முடிதிருத்தும் நிலையம் நடத்திய பெண்களால் உலர்த்தியை இயக்க முடியவில்லை. உறைபெட்டியில் மீனும் கோழியும் வைத்து விற்றவர்கள் கெட்டுப்போனதை எறிந்தார்கள்.

ஜெனரேட்டர் விஷயத்தில் நீங்கள் கவனித்தது மிகச் சரி. வாங்கும் விலை ஒரு பக்கம் இருக்க, சிறிய ஜெனரேட்டரில் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஆகும் எரிபொருள் பெரியதில் ஆவதைவிட அதிகம். ஆக, சிறிய கடைக்காரர் ஒவ்வொரு யூனிட்டுக்கும் கூடுதல் விலை கொடுக்கிறார். பெண்களின் கடைகள் பெரும்பாலும் சிறியவையாக இருப்பதால் மின்வெட்டின் சுமை அவர்கள் மேலேயே அதிகமாக விழுகிறது. இதற்கு யாரும் திட்டமிட்டுப் பாகுபாடு காட்ட வேண்டியதில்லை. மின்சாரம் இரவு பதினொரு மணிக்கு வந்தால் ஆண் கடையைத் திறந்துகொள்ளலாம். வீட்டில் குழந்தைகளை வைத்துக்கொண்டு, அந்த நேரத்தில் தெருவில் தனியே நடந்துபோய்க் கடை திறக்க எத்தனை பெண்களால் முடியும்? அட்டவணை முன்கூட்டியே தெரிந்திருப்பதும் அது சொன்னபடி நடப்பதும், வெட்டு நேரத்தைக் குறைப்பதற்கு அடுத்தபடியான உதவி என்று நினைக்கிறேன்.

எங்கள் சுயஉதவிக் குழுவில் கடன் வாங்கிய பெண்கள் பலரின் தொழில் வளரவே இல்லை. பெண்களுக்குத் தொழில் திறமை குறைவு என்று வங்கியில் ஒருவர் முகத்துக்கு நேரே சொன்னார். கடன் கொடுப்பதைவிடக் கருவியாகக் கொடுத்தால் நல்லதா?
— ஒரு வாசகி, மதுரை மாவட்டம்

அவர் சொன்னது தவறு. அதைத் தவறென்று காட்டிய ஆய்வுகள் நமக்கு மிக அருகிலேயே நடந்திருக்கின்றன. இலங்கையின் தென்மேற்கு மாவட்டங்களில் சுரேஷ் டி மெல், டேவிட் மெக்கென்சி, கிறிஸ்டோபர் வுட்ரஃப் ஆகியோர் சிறுதொழில் நடத்துவோரில் சிலரைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்து 10,000 அல்லது 20,000 ரூபாய் மதிப்பிலான உதவியைத் திருப்பித் தர வேண்டாம் என்று கொடுத்தார்கள். ஆண்களின் இலாபம் நன்றாக உயர்ந்தது, பெண்களுடையது உயரவில்லை. திறமை, துணிச்சல் ஆகியவற்றில் உள்ள வேறுபாட்டால் இதை விளக்க முடியவில்லை என்று அவர்களே எழுதினார்கள்.

பிற்பாடு ஆரியெல் பெர்ன்ஹார்ட், எரிக்கா ஃபீல்ட், ரோகிணி பாண்டே, நடாலியா ரிகோல் ஆகிய நால்வர் இந்தியா, இலங்கை, கானா ஆகிய மூன்று நாடுகளின் தரவுகளை மறுபடியும் எடுத்து, ஒரு வீட்டில் தொழில் செய்பவர் எத்தனை பேர் என்று பார்த்தார்கள். வீட்டில் அந்தப் பெண் ஒருத்தி மட்டுமே தொழில் செய்பவளாக இருந்தால், அவளுக்குக் கிடைத்த பணம் ஆண்களுக்குக் கிடைத்ததைப் போலவே பலன் தந்தது. கணவருக்கும் தொழில் இருந்த வீடுகளில் பணம் கணவரின் தொழிலுக்குப் போய்விட்டது. மனைவியின் கணக்கேட்டில் இலாபம் தெரியாமற்போனதற்குக் காரணம் இதுவே.

கருவி பற்றிய உங்கள் கேள்விக்கும் கானாவிலேயே விடை இருக்கிறது. அங்கே நடந்த ஆய்வில் சிலருக்குப் பணமாகவும் சிலருக்குச் சரக்காகவோ கருவியாகவோ அதே மதிப்பில் உதவி தரப்பட்டது. பெண்களைப் பொறுத்தவரை பணம் தொழிலில் தங்கவில்லை, பொருள் தங்கியது. பணத்தை அவசரத்துக்கு எடுத்துவிடலாம். கிரைண்டரையோ உறைபெட்டியையோ அப்படி எடுத்துவிட முடியாது. ஆனால் இதில் ஒரு பாதியை மறைத்தால் உங்களுக்கு நான் நேர்மையாக இருக்க மாட்டேன். ஏற்கெனவே ஓரளவு இலாபம் கண்டுகொண்டிருந்த பெண்களுக்கே பொருளுதவி பலன் தந்தது. அன்றாடச் செலவுக்கே போராடிக்கொண்டிருந்த மிகச் சிறிய தொழில்களுக்குப் பொருளாகக் கொடுத்தும் வளர்ச்சி வரவில்லை. அவர்களுக்குக் கருவி மட்டும் போதாது.

ஆகவே கருவி வாங்குமுன் உங்கள் குழு கேட்டுக்கொள்ள வேண்டியது, அந்தக் கருவி ஓடப்போகும் மின் இணைப்பு யார் பெயரில் இருக்கிறது என்பது. பல நாடுகளில் நிலப் பத்திரமோ வீட்டு வரி ரசீதோ இல்லாமல் இணைப்புக் கிடைக்காது. பத்திரமோ கணவர் பெயரிலோ மாமனார் பெயரிலோ இருக்கும். தமிழ்நாட்டு அரசு 2011-இல் மிக்சி, கிரைண்டர், மின்விசிறி ஆகியவற்றைப் பெண்களுக்கு விலையில்லாமல் வழங்கத் தொடங்கியபோது கருவியைப் பெண்ணின் கையிலேயே கொடுத்தது. அது நல்ல தொடக்கம் என்றே சொல்வேன். ஆனால் வீட்டு உபயோகத்துக்கு ஒரு கட்டணம், தொழிலுக்கு வேறு கட்டணம் என்றிருப்பதால், அந்த அளவிலிருந்து பெரிய கிரைண்டருக்கு மாறி இட்லி மாவு விற்க நினைக்கும் பெண், வீட்டு மீட்டரிலேயே ஓட்டினால் அபராதம் வருமோ என்று அஞ்சித் தொழிலைச் சிறிதாகவே வைத்துக்கொள்கிறாள். குறுந்தொழிலுக்கான இணைப்புக்கு விண்ணப்பிக்க உங்கள் குழுவே துணை நின்றால், ஒரு புதிய கடனைவிட அது சிலருக்கு அதிகம் உதவக்கூடும்.

இயந்திரத்துக்குப் பெண்கள் குழுவே உரிமையாளராக இருந்து நடத்திய உதாரணம் எங்காவது உண்டா? நாங்கள் ஊரில் ஒரு மாவு மில் வைக்க யோசித்துக்கொண்டிருக்கிறோம்.
— ஒரு மகளிர் குழுவினர், விழுப்புரம் மாவட்டம்

மாலி நாட்டில் உண்டு. 1990-களில் ஐ.நா. அமைப்புகளின் துணையோடு தொடங்கிய திட்டம் அது. நம் ஊர்க் கிணற்று மேட்டில் முன்பு ஓடிய லிஸ்டர் வகை டீசல் எஞ்சின் ஒன்றை இரும்புச் சட்டத்தில் பொருத்தி, அதோடு மாவரைக்கும் மில்லையும் உமி நீக்கும் இயந்திரத்தையும் பேட்டரி சார்ஜ் செய்யும் கருவியையும் இணைப்பார்கள். பெண்கள் சங்கம் கேட்டால்தான் இயந்திரம், உரிமையும் சங்கத்துக்கே. கூலி கொடுத்து அரைத்துக்கொள்ள ஆண்களும் வரலாம். இயக்குவதற்கும் கணக்கு எழுதுவதற்கும் சங்கத்துப் பெண்களே பயிற்சி பெற்றார்கள். கம்பும் சோளமும் உரலில் குத்திக்கொண்டிருந்த பல மணி நேரம் அவர்களுக்கு மிச்சமானது. அந்த நேரத்தில் ஷியா என்ற மரத்தின் கொட்டையிலிருந்து வெண்ணெய் எடுத்தார்கள், வேர்க்கடலை அரைத்து விற்றார்கள். பெண் குழந்தைகள் பள்ளிக்குச் செல்வதும் கூடியது.

அந்த இயந்திரங்கள் பல இடங்களில் நின்றுபோனதற்கு டீசல் விலை ஏறியதும் உதிரிப் பாகம் கிடைக்காததும் காரணங்கள். சூரிய மின்சக்தியில் ஓடும் மில்கள் இப்போது வருகின்றன. எரிபொருள் செலவு இல்லை என்றாலும், பெரிய மோட்டார் மில்லின் வேகத்தை அவற்றிடம் எதிர்பார்க்க வேண்டாம். அறுவடைக் காலத்தில் வரிசையில் நிற்கும் கூட்டம் வேறு மில்லுக்குப் போய்விடும். எனவே ஒரு நாளைக்கு எத்தனை கிலோ வரும் என்று ஊரில் வீடு வீடாகக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். மும்முனை இணைப்பு எத்தனை மணி நேரம் கிடைக்கிறது என்று ஒரு மாதம் குறித்து வையுங்கள். கல் கொத்தவும் பெல்ட் மாற்றவும் தெரிந்தவர் உங்கள் குழுவிலேயே இருவராவது இருக்கும்படி பார்த்துக்கொண்டு, அதன்பின் முன்பணம் கட்டுங்கள்.